முழங்கால் வலியா, கிளட்ச் வலியா?

எனக்கு இடது முழங்கால் வலி. வலது கால் தன் பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது. மாடிப்படி ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, இடது முழங்கால் மட்டும் 'சுருக் சுருக்' என்று குத்திக்கொண்டே இருந்தது. இது நடந்தது 2018-ல். அப்போது எனக்கு வயது 39.

"நாப்பது வந்தா அப்படித்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டு, என் மாமியார் நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார். தைலம் தேய்த்துவிட்டார். அன்று இரவு சுகமாகத் தூக்கம் வரும். மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, அப்படியே மார்க்கெட்டுக்கும் போய்விட்டு வந்தால், பழைய குருடி கதவைத் திறடி கதைதான்!

டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. "இடது காலுக்கு மட்டும் அதிகமாக வேலை கொடுக்கிற மாதிரி ஏதாவது செய்கிறீர்களா?" என்று கேட்டார். நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். தையல் மெஷினை இரண்டு காலாலும்தானே மிதிக்கிறோம்? "அப்படி ஒன்றும் இல்லையே டாக்டர்" என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். காரில் ஏறினேன், இடது காலால் கிளட்ச்சை மிதித்தேன், வீட்டுக்கு ஓட்டி வந்தேன்!

எங்கள் வீடு சேலத்தில். என்னவருக்கு வேலை ஓசூரில். சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கட்கிழமை விடியற்காலையில் போவார். ஆகவே வீட்டில் இருக்கும் சின்னக் கார் என் பொறுப்பு. பள்ளிக்கூடம், மளிகை, மாமனாரின் ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நானே டிரைவர். ஓட்டத் தெரியுமே தவிர, வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

உண்மையைக் கண்டுபிடித்தது என் தம்பி. தீபாவளிக்கு ஈரோட்டிலிருந்து வந்தவன், பட்டாசு வாங்க வண்டியை எடுத்தான். தெருமுனை வரை போயிருப்பான், திரும்பி வந்துவிட்டான். "என்னக்கா இது, கிளட்ச்சா கல்லா? இதைப் போயி தெனமும் மிதிச்சுட்டு இருக்கறயா?"

தினம் ஒரு நூல் அளவு கனத்துக்கொண்டே வந்ததால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மெக்கானிக் பானட்டைத் திறந்து ஒரு கேபிளைக் கழற்றிக் காட்டினார். பெடலையும் உள்ளே இருக்கும் கிளட்ச்சையும் இணைக்கிற கம்பி அது. உறைக்குள் அதன் இழைகளில் பாதி அறுந்து, பிரிந்த பின்னல் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றன. அவை உறைக்குள் உராய்ந்ததால்தான் அவ்வளவு கனம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நட்ட நடு சிக்னலில் பட்டென்று அறுந்திருக்குமாம். புது கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். இரண்டு மூன்று வாரத்தில் என் முழங்கால் வலியும் குறைந்தது.

முழங்கால் வலி என்றாலே கிளட்ச்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. முதலில் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். ஆனால் கார் ஓட்டுகிற சகோதரிகள், 'இடது காலுக்கு என்ன வேலை?' என்று டாக்டர் கேட்டால் என்னைப் போல் விழிக்காமல் இருக்கலாம் அல்லவா!

அந்த மெக்கானிக் வயதானவர். பொறுமைசாலி. "கிளட்ச்னா என்னங்க ஐயா?" என்று கேட்டதற்கு, அவர் என் வீட்டுத் தையல் மெஷினையே உதாரணமாகச் சொன்னார். பாபினில் நூல் சுற்றும்போது நாம் என்ன செய்கிறோம்? கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்திவிடுகிறோம். சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. திருகை இறுக்கினால் சக்கரத்தோடு ஊசியும் ஓடும். காரில் சக்கரம் என்பது எஞ்சின், ஊசி என்பது வண்டியின் டயர். நாம் கிளட்ச்சை மிதிப்பது திருகைத் தளர்த்துவது, காலை எடுப்பது திருகை இறுக்குவது. அவ்வளவுதான் விஷயம்.

உள்ளே இருப்பதும் அதிகமில்லை. எஞ்சினோடு சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று. அதற்கு ஃபிளைவீல் என்று பெயர். அதன் மேல் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு கிளட்ச் பிளேட். அதன் இரு பக்கமும் சொரசொரப்பான பட்டை ஒட்டியிருக்கும். அதற்கும் மேலே, பலமான ஸ்பிரிங்கோடு அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட். நாம் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் என்ற ஒன்று போய் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளும். பிடி தளரும். எஞ்சின் சுற்றினாலும் வண்டி ஓடாது.

இதில் கோளாறு என்றால் பெரும்பாலும் இரண்டே வகைதான் என்றார் பெரியவர். திருகு சரியாக இறுகாமல் இருப்பது ஒன்று, சரியாகத் தளராமல் இருப்பது இன்னொன்று. இறுகாவிட்டால் சக்கரம் வேகமாகச் சுற்றும், ஊசி மெதுவாக நகரும். இதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் 'கிளட்ச் ஸ்லிப் ஆகுது' என்கிறார்கள். தளராவிட்டால் நூல் சுற்றும்போதும் ஊசி குத்திக்கொண்டே இருக்கும். காரில் அப்போது 'கியர் விழாது'. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. இரண்டும் எனக்கே வந்தன! அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் வந்தது கியர் விழாத கதை. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது நினைவிருக்கும். வண்டி வாசலில் தகரக் கொட்டகைக்கு அடியில் இரண்டு மாதத்துக்கு மேல் சும்மாவே நின்றது. நடுவில் இரண்டு மூன்று கோடை மழை. ஜூன் மாதம் மாமனாருக்குக் கண் புரை ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் 75 வயதுக்காரரைப் பஸ்ஸில் அழைத்துப் போக எங்களுக்குத் துணிவில்லை. முதல் நாள் சாயங்காலம், எதற்கும் பார்ப்போமே என்று வண்டியை ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் ஓடியது. கிளட்ச்சை மிதித்து ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம்! முதல் கியரும் போக மறுத்தது.

பக்கத்தில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்கள்: "கியர் பாக்ஸ் போயிருக்கும் மேடம். இறக்கித்தான் பாக்கணும். பன்னெண்டாயிரம் ஆகும். மூணு நாள் விடணும்." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னவருக்கு அப்போது பாதிச் சம்பளம். பன்னிரண்டாயிரத்துக்கு எங்கே போவது?

சட்டென்று கேபிள் மாற்றிய பெரியவர் நினைவு வந்தது. போன் செய்தேன். "எஞ்சினை ஆஃப் பண்ணுங்கம்மா" என்றார். செய்தேன். "இப்ப ஒவ்வொரு கியரா போட்டுப் பாருங்க." ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... வாழைப்பழத்தில் ஊசி ஏறுகிற மாதிரி விழுந்தன!

"அப்ப கியர் பாக்ஸ்ல குத்தம் இல்லம்மா. கிளட்ச் பிரிய மாட்டேங்குது. வண்டி நின்னுட்டே இருந்ததுல்ல, ஈரத்துல பிளேட்டு ஃபிளைவீலோட ஒட்டிக்கிச்சு. காலையில ஆறு மணிக்கு வர்றேன்."

அதே மாதிரி வந்தார். வண்டியைத் தள்ளச் சொல்லி எதிரில் இருந்த காலி மைதானத்துக்குக் கொண்டுபோனார். எஞ்சினைச் சூடாக்கினார். பிறகு என்னென்னவோ செய்து, வண்டி இரண்டு குதி குதித்ததும், ஒட்டியிருந்தது விட்டுவிட்டது. அந்த வித்தையை வீட்டில் நாமாகச் செய்து பார்க்கக் கூடாது. வண்டி எகிறிப் பாயும். அவர் வாங்கியது 500 ரூபாய். மாமனாரின் ஆபரேஷனும் அன்றே முடிந்தது.

அந்த ஒரு சோதனையை மட்டும் எல்லோரும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது கியர் விழவில்லை, நிறுத்தினால் விழுகிறது என்றால் சந்தேகம் கிளட்ச் மேல். நிறுத்திய பிறகும் முரண்டு பிடித்தால் கியர் கம்பிகள், கியர் பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். ரிவர்ஸ் மட்டும் சில வண்டிகளில் நிறுத்தி இருக்கும்போது ஒரு முறை தட்டிக்கழிக்கும். வண்டியை ஒரு அடி நகர்த்திவிட்டுப் போட்டால் விழுந்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

கியர் விழாததற்கு எல்லா நேரமும் பிளேட் ஒட்டுவதே காரணமாக இருக்காது. கேபிள் நீண்டு போயிருந்தாலும் இதே தொல்லைதான். பெடலைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மேலே கொஞ்ச தூரம் லேசாக அமுங்கும், பிறகுதான் கனம் தெரியும். அந்த லேசான இடத்தை 'ப்ளே' என்கிறார்கள். எங்கள் வண்டியில் அது சுமார் 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கூடவே கொடுத்த கையேட்டில் போட்டிருக்கும். ப்ளே ரொம்ப அதிகமானால் பெடல் தரையைத் தொட்டாலும் கிளட்ச் முழுதாகப் பிரியாது. ப்ளே துளிகூட இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் அரை மிதியில் இருக்கிற மாதிரி, பிளேட் தேயும். கேபிள் வண்டியில் இதைச் சரிசெய்வது ஒரு நட்டைத் திருகுகிற வேலைதான். கால் மணி நேரம் ஆகும்.

சில வண்டிகளில் கேபிளே இருக்காது. பிரேக்குக்கு இருப்பது போல எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும். அந்த வண்டியில் பெடல் பொத்தென்று கீழே போகிறது, இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்தால் கொஞ்சம் உயிர் வருகிறது என்றால், எண்ணெய் கசிகிறது அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பெடலுக்கு அடியில் மிதியடியைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள், ஈரம் தெரியலாம். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய் டப்பாதான். ஆகவே அதில் மட்டம் இறங்கினால் 'கிளட்ச்தானே, அப்புறம் பார்ப்போம்' என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2023 மே மாதம். பிள்ளைகளுக்கு லீவு. நாத்தனார் வந்திருந்தார். ஏற்காட்டுக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. நான், மாமியார், நாத்தனார், என் இரண்டு பெண்கள், ஒரு பெரிய தூக்கு நிறையப் புளிசாதம், இரண்டு குடம் தண்ணீர்! என்னவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நானே ஓட்டிக்கிறேன், எத்தனை தடவை போயிருக்கோம்" என்று ஜம்பமாகக் கிளம்பினேன்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலைந்து வளைவு வரை ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது தாண்டியதும் எஞ்சின் 'ஓ'வென்று கத்துகிறது, வண்டி முன்னே போக மாட்டேன் என்கிறது. ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தேன். சத்தம்தான் கூடியது. "அம்மா, முடி கருகுற மாதிரி நாத்தம்" என்றாள் பெரியவள். ஒன்பதாவது வளைவில் வண்டி நின்றே விட்டது. பின்னால் பஸ். நான் காலை எடுத்தால் வண்டி பின்னே உருளுகிறது. அந்த நிமிஷம் என் உடம்பெல்லாம் வேர்த்ததை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள்!

ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தேன். நாத்தனார் குதித்து இறங்கிப் பின் சக்கரங்களுக்கு அண்டையாகக் கல் வைத்தார். பஸ் டிரைவரே இறங்கி வந்து மோந்து பார்த்தார். "கிளட்ச் கருகுது மேடம். இதுக்கு மேல ஏறாதீங்க. நல்லா ஆறட்டும், திருப்பிக்கிட்டு மெதுவா இறங்கிடுங்க" என்றார். நாலு பேர் சேர்ந்து வண்டியை அகலமான இடத்துக்குத் தள்ளிக் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து புளிசாதத்தைச் சாப்பிட்டோம். சீக்கிரம் ஆறட்டும் என்று பானட்டுக்குள் தண்ணீர் ஊற்றப் போன நாத்தனாரை நல்லவேளையாக நிறுத்தினேன். இறக்கத்தில் எஞ்சினுக்குப் பாரம் குறைவு என்பதால் கிளட்ச் ஒருமாதிரி பிடித்தது. இரண்டாவது கியரிலேயே, அடிவாரம் வரை ஊர்ந்து வந்து சேர்ந்தோம்.

இதில் வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், வண்டி எனக்கு இரண்டு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் பெடலைப் பாதி விட்டதும் வண்டி நகரும். மார்ச் மாதத்திலிருந்து காலை முக்கால்வாசி தூக்கினால்தான் நகர்ந்தது. ஐந்து ரோடு மேம்பாலம் ஏறும்போது சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 14-க்கு இறங்கியது. 'எஞ்சினுக்கு சர்வீஸ் பண்ணணும் போல' என்று நினைத்துக்கொண்டு நாளைத் தள்ளினேன். கருகல் வாசனை வந்தபோதுகூட, எதிரே வந்த லாரி மேல் பழியைப் போட்டேன்!

மலை ஏறும் முன்பே, சமதரையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்துங்கள். சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். சத்தம் முந்திக்கொண்டு ஓடினால் ஸ்லிப் ஆகிறது. பெரிய கியரில்தான் எஞ்சினுக்கு இழுவை பாரம் அதிகம், ஆகவே நோய் அங்கேதான் முதலில் தெரியும். முதல் கியரில் ஓட்டிப் பார்த்துவிட்டு 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று ஏமாந்துவிடக் கூடாது.

இன்னொரு சோதனையும் உண்டு. முன்னே பின்னே யாரும், எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, இன்னொரு காலால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். ஆரோக்கியமான கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி நின்றுவிடும். காலை முழுக்க எடுத்த பிறகும் எஞ்சின் பாட்டுக்கு ஓடினால் உடனே நிறுத்திவிடுங்கள். பிளேட் பிடிக்கவில்லை. இதை ஒரு தரம் செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

மறுநாள் பெரியவரின் கடையில் கியர் பாக்ஸை இறக்கினார்கள். நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பழைய பிளேட்டைக் கழுவாமல் காட்டச் சொல்லியிருந்தேன். பட்டை முழுக்கத் தேய்ந்து, ரிவெட் தலைகள் பல்லைக் காட்டின. "இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா இந்த ரிவெட்டு ஃபிளைவீலையே கீறியிருக்கும். அப்ப செலவு டபுள்" என்றார். பிளேட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இல்லை. எண்ணெய் இருந்தால் எஞ்சினின் அல்லது கியர் பாக்ஸின் ஆயில் சீல் கசிகிறது என்று அர்த்தமாம். அதை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுப் பிளேட்டும் வழுக்கத் தொடங்கும். காசும் போச்சு, பிளேட்டும் போச்சு!

வேடிக்கை பார்க்க வந்த என் சின்னவளை அவர் தூரப் போகச் சொன்னார். அந்தக் கருப்புத் தூசியை ஊதவோ மூச்சில் இழுக்கவோ கூடாது. அந்தக் காலத்துப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பார்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இப்போது அது இல்லாத பட்டைகளும் வருகின்றன. ஆனாலும் கழற்றிய தட்டில் என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள்? குழந்தைகளை ஒர்க்‌ஷாப்புக்குள் விடாமல் இருப்பதே நல்லது.

"ஏன் ஐயா இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது? எண்பதாயிரம், ஒரு லட்சம் கிலோமீட்டர்கூட ஓடும் என்கிறார்களே" என்று கேட்டேன். எங்கள் வண்டியில் அது 50,000 கூடத் தாண்டவில்லை. பெரியவர் பதில் சொல்லாமல், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து கிளட்ச் பெடலின் ரப்பரைக் காட்டினார். பிரேக் ரப்பரில் வரிகள் அப்படியே இருந்தன. கிளட்ச் ரப்பர் மழமழவென்று, வழுக்கைத் தலை மாதிரி!

"கியர் மாத்தாதப்பவும் காலை இது மேலயே வெச்சிருக்கீங்கம்மா. செருப்பு பட்டே ரப்பர் தேஞ்சிருக்கு. லேசா வெச்சாலே போதும், உள்ள பிளேட்டு வழுக்கிக்கிட்டே இருக்கும்."

என்னால் மறுக்க முடியவில்லை. கற்றுக்கொண்ட நாளிலிருந்தே அப்படித்தான். வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஆரம்பித்த பழக்கம், பயம் போன பிறகும் போகவில்லை. மேட்டில் சிக்னல் விழுந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதையும் ஒரு சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்! பிளேட்டைத் தின்பது அந்தச் சாமர்த்தியம்தான்.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே மாற்றினோம். எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய். ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் செலவில் பெரும் பங்கு கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிக்குத்தான். ஆறு மாதம் கழித்து பேரிங் போய்விட்டால் அதே கூலியை மறுபடி அழ வேண்டும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்கிறேன். எஞ்சின் ஓடட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கிளட்ச்சை மிதிக்கும்போது 'கீச்' என்றோ உறுமலாகவோ சத்தம் வந்து, விட்டால் நின்றுபோனால் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதற்கு நேர்மாறாக, விடும்போது சத்தம் இருந்து மிதித்தால் அடங்கினால், கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ரேடியோவையும் ஏ.சி.யையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். குக்கர் விசிலை மூன்று அறை தள்ளி எண்ணுகிற நம் காதுக்கு இது தெரியாதா என்ன? புறப்படும்போது மட்டும் வண்டி வெடவெடவென்று உதறினால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் தளர்ந்தாலும் அதே உதறல் வரும். ஆகவே கிளட்ச்சில் கை வைக்கும் முன் ரப்பர் கட்டைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

"இந்தத் தலைவலியே வேண்டாம், கிளட்ச் பெடல் இல்லாத வண்டியாக வாங்கிவிடலாமே?" என்று கேட்ட தோழிகள் உண்டு. நம் நாட்டில் 2014-லிருந்து சின்ன வண்டிகளிலும் ஏ.எம்.டி. வந்துவிட்டது. ஆனால் அதிலும் உள்ளே கிளட்ச் பிளேட் உண்டு. மிதிக்கும் வேலையை நமக்குப் பதில் இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். மேட்டில் பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரை வைத்தே அந்த வண்டியைப் பிடித்து நிறுத்தினால் அதுவும் கருகும்.

ஒர்க்‌ஷாப்பில் பேசும்போது, 'வண்டி சரியில்லை, பாருங்கள்' என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். 'எஞ்சினை நிறுத்தினால் கியர் விழுகிறது, ஓடும்போது விழவில்லை' என்றோ, 'நாலாவது கியரில் ரேஸ் ஆகிறது, இழுக்கவில்லை' என்றோ சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் பேசும் தோரணையே மாறும். எனக்குப் பன்னிரண்டாயிரம் சொன்ன அதே கடையில், போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் வண்டியை இப்படிச் சொல்லி விட்டோம். ப்ளே மட்டும் சரிசெய்து 300 ரூபாய் வாங்கினார்கள்.

புதுப் பிளேட் போட்ட பிறகு முதல் 500 கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டச் சொன்னார் பெரியவர். அதுவரை பொறுத்திருந்து, ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். இந்த முறை என்னவரும் வந்தார். ஆனால் ஓட்டியது நான்தான். மாமியார் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் எல்லோரும் விடுகிறார்களா? ஏழாவது வளைவில் ஒரு வேன் குறுக்கே வந்து நிற்க, நானும் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டேன். வேன் ஒதுங்கியதும் கிளட்ச்சை மெல்ல விட்டு, வண்டி மூக்கைத் தூக்கியதும் ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். பின்னே ஒரு இஞ்ச்கூட உருளாமல் ஏறியது.

மாமியார் ரோட்டையே பார்க்கவில்லை. குனிந்து என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலை எடுத்துட்டயா கண்ணு?"

"எடுத்துட்டேன் அத்தை."

ஒன்பதாவது வளைவு வந்தபோது மறுபடி கேட்டார்.